18,000 கிலோமீட்டர் பறந்தவர் 250 கிலோமீட்டரில் விழுந்தது ஏன்?

ஏமி ஜான்சன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பெண். 1930 மே மாதம், 26 வயதில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை சுமார் 18,000 கி.மீ. தன்னந்தனியாகச் சின்ன விமானத்தில் பறந்தார். வழியில் ஜான்சியிலும் கல்கத்தாவிலும்கூட இறங்கினார். இப்படிப் பறந்த முதல் பெண் இவர்தான்!

இரண்டாம் உலகப்போரில் விமானங்களை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5. பயிற்சி விமானமான ‘ஏர்ஸ்பீடு ஆக்ஸ்போர்டு’ ஒன்றை பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்கு ஓட்டிச் சென்றார். தூரம் சுமார் 250 கி.மீ.தான். காலை 11.49க்குக் கிளம்பியவர், மதியம் மூன்றரை மணிவாக்கில் தேம்ஸ் கழிமுகக் கடலில் விழுந்தார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை.

படித்ததும் எனக்கு ஒரே குழப்பம். அவ்வளவு அனுபவசாலி எப்படி வழி தவறினார்? பலரும் சொல்லும் காரணம் மோசமான வானிலை. யோசித்துப் பார்த்தேன், எனக்குப் புரிந்தது இது:

1. அந்த விமானிகள் ரேடியோ இல்லாமல்தான் பறந்தார்கள். வரைபடம், திசைகாட்டி, கடிகாரம், அப்புறம் கண்ணு. அவ்வளவுதான். மேகம் மூடிவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை.

2. ஆத்துல பரிசலை நேரா எதிர்க்கரைக்குத் தள்ளினாலும் தண்ணி இழுத்துக் கீழேதானே கொண்டுபோய் விடும்? காற்றும் அப்படித்தான். மணிக்கு 50 கி.மீ. பக்கக்காற்று அடித்தால், ஒரு மணி நேரத்தில் 50 கி.மீ. தள்ளிப் போய்விடுவோம். விமானத்துக்குள் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது!

3. “கீழே இறங்கிப் பார்க்க வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். மேகத்துக்குள் மலை இருக்கலாம். எதிரி விமானங்களைத் தடுக்கக் கட்டிய பலூன்களின் கம்பிகளும் இருக்கலாம். மேலேயே சுற்றினாலோ பெட்ரோல் தீர்ந்துவிடும்.

பாராசூட்டில் குதித்தும் ஏன் பிழைக்கவில்லை? அது குளிர்காலக் கடல். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். முதலில் மூச்சுத் திணறும், அப்புறம் கைகால் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை.

இதில் என்னை அழவைத்தவர் இன்னொருவர். பக்கத்தில் வந்த ‘ஹேஸில்மியர்’ கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர். மாலுமிகள் கயிறு வீசியும் பலன் இல்லை என்றதும், அந்தக் குளிர்ந்த கடலில் தானே குதித்தார். மயங்கிய நிலையில் அவரைத் தூக்கினார்கள். அவரும் பிழைக்கவில்லை. இறந்த பிறகு அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள்.

போர் என்றால் குண்டு போடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மேகமும் குளிரும்கூட உயிரைப் பறிக்கும். ஏமியின் பெயர் தெரிந்தவர்கள் நிறைய பேர். ஃபிளெட்சரின் பெயரையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வோமே!