மணத்தக்காளியும் வாய்ப்புண்ணும்

லயத்தின் புறக்கடையிலும் கால்வாய் ஓரத்திலும் விதைப்பாரின்றித் தானே முளைத்துக் கிடந்த மணத்தக்காளிச் செடியை இன்று நாம் தேடித்தான் காணவேண்டியுள்ளது. மிளகுத்தக்காளி என்றும் சுக்குட்டிக் கீரை என்றும் இதனை அழைப்பர். களைக்கொல்லி தெளிக்கப்படும் நிரைகளில் புல்லோடு புல்லாக இதுவும் கருகிவிடுகின்றது. ஆகவே, வெட்டுக்காட்டின் ஓரத்தில் இக்கீரை தழைத்திருக்கக் கண்டாலும் பறித்தல் கூடாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. இலையில் அவை படிந்திருப்பதைக் கண்ணால் அறிய இயலாது.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. வெண்ணிறச் சிறு பூக்களும், மிளகு போன்ற காய்களும் உடையது. பச்சைக் காயில் சோலனின் போன்ற நச்சுப் பொருள்கள் மிகுதி. பழுத்துக் கறுக்கும்போது அவை குறைகின்றன. பச்சைக் காயைப் பறித்துத் தின்னும் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் உண்டாகலாம். மோரில் ஊறவைத்து வற்றலாக்கி உண்பது வேறு, பச்சையாய் மெல்லுவது வேறு.

இதன் இலையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்ணுக்கு நலம் தரும் கரோட்டினும் உள்ளன. கரோட்டின் உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கும் நம் பாட்டிமார் வழக்கம் இவ்வகையிற் பொருத்தமானதே. ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச் சத்தும் எளிதிற் சேரும். உண்ட கையோடு தேநீர் பருகினாலோ, அச்சத்தில் ஒரு பகுதி வீணாகும்.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வரும் வைத்தியம். இரும்பு, ஃபோலிக் அமிலம் முதலிய சத்துகளின் குறைவாலும் வாய்ப்புண் வருவதுண்டு. அத்தகையோருக்குக் கீரை உணவு நன்மை தரும். ஆனால், வாய்ப்புண் எல்லாம் ஒன்றல்ல. வெற்றிலை பாக்குப் போடுவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுந்து காணப்படுவது நமக்குக் கவலை தருகின்றது.

தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்று இருந்துவிடுவோர் பலர். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், கன்னத்தின் உட்புறம் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதும் திறக்க இயலாமை, காரம் பட்டால் தாங்கொணா எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கீரையை நம்பிக் காத்திராது, அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்கு உடனே செல்க. காலத்தே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

கீரை வேண்டுவோர் வீட்டருகிலேயே வளர்க்கலாம். கறுத்த பழத்தைப் பிசைந்து, விதையை நிழலில் உலர்த்தித் தூவி, மேலே சிறிது மண்ணிட்டு நீர் தெளித்து வந்தாற் போதும். பழங்களைக் குருவிகள் நமக்கு முன்னரே கொத்திவிடும். விதைக்கென நாலைந்தை முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்க.