பழைய கணிப்பொறியும் புதிய வரைகலை அட்டையும்

நம் துறை மலர்களில் இலக்கண இலக்கியக் கட்டுரைகளே மிகுதியும் இடம்பெறுதல் வழக்கம். அவ்வழக்கிற்கு மாறாக, இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணிப்பொறியைப் பற்றியது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என மூத்தோர் வினவக்கூடும். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள நம் மாணவர் பலர், அண்ணனோ உறவினரோ பயன்படுத்திக் கைமாற்றிய பழைய விளையாட்டுக் கணிப்பொறிகளை வைத்துள்ளனர். அவற்றைப் புதுப்பிக்கக் கருதிப் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டி, அறியாமையால் இழந்து நின்றோர் சிலரை நாம் அறிவோம். அவருள் ஒருவர் நம் தமக்கையின் மகன். அவ்விழப்பில் நமக்கும் பங்குண்டு என்பதால் இக்கட்டுரையை எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

வரைகலை அட்டை என நாம் எழுதுகிறோம். ரிச்சி தெருவில் போய் வரைகலை அட்டை கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அங்கு அது கிராபிக்ஸ் கார்டு. பெயர் எதுவாயினும் அதன் தொழில் ஒன்றே. கணிப்பொறித் திரை சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக உள்ள திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் இருபது இலட்சத்திற்கும் மேல். விளையாட்டு தடையின்றி ஓடுவதற்கு இப்புள்ளிகள் அனைத்திற்கும் நொடிக்கு 60 முறை நிறம் குறித்தாக வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட முடிவுகள்! மையச் செயலி இதனைத் தனியே செய்ய முற்பட்டால் மூச்சுத் திணறிவிடும்.

கப்பலிலிருந்து மூட்டைகளை ஆள்வைத்து இறக்கிய காலத்தை நம் பகுதி மூத்தோர் கண்டிருப்பர். கணக்கெழுதும் எழுத்தர் இருவர் மூவர் இருப்பர். மூட்டை சுமப்போர் நூற்றுவர் இருப்பர். எழுத்தர் செய்யும் வேலை நுட்பமானது. ஆனால் அவரே மூட்டையும் சுமந்தால் கப்பல் கரையிலேயே கிடக்கும். மையச் செயலி எழுத்தரைப் போன்றது; வரைகலை அட்டை சுமப்போர் கூட்டத்தைப் போன்றது. 2012இல் வெளிவந்த இன்டெல் ஐ5-3470 செயலியில் உள்ள உள்ளகங்கள் 4. அதே ஆண்டு வந்த ஜி.டி.எக்ஸ். 650 அட்டையில் சிறு கணிப்பகங்கள் 384. நான்கு ஆண்டு கழித்து வந்த ஜி.டி.எக்ஸ். 1060 அட்டையின் 6 ஜி.பி. வகையில் 1280. அட்டையை மாற்றினால் பழைய கணிப்பொறி புத்துயிர் பெறும் என மாணவர் எண்ணுவது இதனாலேதான்.

எண்ணம் பிழையன்று. ஆயினும் இலக்கணம் பயின்றோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்த எழுத்துத் தனித்து இயங்காது. அதற்கு முன்னே குறில் ஒன்றும் பின்னே வல்லினம் ஒன்றும் வேண்டும். அஃது, எஃகு என வரக் காண்கிறோம். வரைகலை அட்டையும் அத்தகையதே. முன்னே அதற்குப் போதிய மின்சாரமும் வேலை பகிர்ந்தளிக்கச் செயலியும் வேண்டும். பின்னே அது வரைந்ததைக் காட்டத் திரை வேண்டும். இவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் அட்டைக்கு இட்ட பணம் கடலில் இட்டதே.

நம் மருமகனின் கதைக்கு வருவோம். அவர் திருவொற்றியூரில் வாழ்பவர். காட்சித் தொடர்பியல் பயின்றவர். 2013இல் வாங்கப்பட்ட அவருடைய கணிப்பொறியில் மேற்சொன்ன ஐ5 செயலியும் ஜி.டி.எக்ஸ். 650 அட்டையும் இருந்தன. முதலில் விளையாட்டிற்கே பயன்பட்ட அப்பொறி, பின்னர் அவரது படிப்பிற்கும் கருவியாயிற்று. இறுதியாண்டுச் செய்திட்டமாக, 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தின் முப்பரிமாண வடிவத்தைப் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் உருவாக்கிக் கொண்டிருந்தார். தூண் தூணாக, செங்கல் செங்கலாக வளர வளரப் பொறி தள்ளாடத் தொடங்கியது. சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் மாலைநேரப் பதிவெழுத்தராக வேலைபார்த்துச் சேர்த்த பணம் அவர் கையில் இருந்தது. 2022 அக்டோபரில் பழைய ஜி.டி.எக்ஸ். 1060 ஒன்றை வாங்கி வந்தார். துணைக்குச் சென்றவர் நாமே. விலை பேசியதும் நாமே. இருநூறு ரூபாய் குறைத்த பெருமிதத்துடன் திரும்பினோம்.

இருபது நாள்கள் எல்லாம் நன்றாகவே ஓடின. ஓர் இரவு, நீண்ட காட்சியொன்றைப் படமாக்கிக் கொண்டிருந்தபோது பட்டாசு வெடித்தாற்போல் ஒலி கேட்டது; கரிந்த நாற்றம் எழுந்தது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி எரிந்துபோயிற்று. போகும்போது வன்தட்டையும் உடன் கொண்டு போயிற்று. அட்டையும் தாய்ப்பலகையும் பிழைத்தன; இரயில் நிலையம் பிழைக்கவில்லை. வேறிடத்தில் படி எடுத்து வைக்கவில்லை என்பதை அவர் சொல்லும்போது முகம் பார்க்க நமக்குத் துணிவில்லை. "மாமா, பெட்டியில் 450 வாட்டுன்னு போட்டிருந்ததே, நீங்களும் பார்த்தீங்களே" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தோம், ஆனால் சரியான வரியைப் பார்க்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 என்னும் சிறு வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி. செயலியும் வரைகலை அட்டையும் உண்பது பெரும்பாலும் 12 வோல்ட் பகுதியை மட்டுமே. கேபினட்டுடன் சேர்த்துத் தரப்படும் மலிவான பெட்டிகளில் மேலே பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டிற்கு எத்தனை ஆம்பியர் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். எரிந்த பெட்டியின் அட்டவணையைப் பின்னர்ப் படித்தோம்: 18 ஆம்பியர். பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். அவருடைய செயலிக்கு 77, புதிய அட்டைக்கு 120, விசிறிகளுக்கும் வன்தட்டிற்கும் 20 எனக் கொண்டால் 217. அட்டை ஒரு கணம் இதனினும் மிகுதியாக இழுப்பதும் உண்டு. ஒன்பதாண்டு முதுமையடைந்த பெட்டி அதைத் தாங்க வேண்டும் என நாம் எதிர்பார்த்தோம். ஒரு பெருக்கல் கணக்குப் போட்டிருந்தால் அந்த நான்கு மாத உழைப்பு தப்பியிருக்கும்.

ஆகவே அட்டை வாங்கப் புறப்படுமுன் கேபினட்டைத் திறந்து அந்த அட்டவணையைப் படியுங்கள். தாய்ப்பலகையில் அட்டை செருகும் நீண்ட துளை 75 வாட் வரை தானே தரும். அதற்கு மேல் வேண்டுமாயின் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக்கம்பி வரவேண்டும். ஆறு முனைக் கம்பி மேலும் 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தர வகுக்கப்பட்டவை. அக்கம்பி பெட்டியில் இல்லையென்றால் ‘கன்வர்ட்டர்’ போட்டு ஒப்பேற்றித் தருவதாகக் கடையில் சொல்வர். கம்பியை இல்லாத பெட்டி அத்திறனும் இல்லாத பெட்டி என்றே கொள்க. எஸ்.எம்.பி.எஸ். மாற்றப் பணமில்லாதோர்க்குத் துளை தரும் மின்சாரத்திலேயே இயங்கும் அட்டைகள் உண்டு. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவற்றின் பல வகைகள் அத்தகையன. வாங்குமுன் மேற்புறத்தில் கம்பிக்கான செருகுவாய் இல்லை என உறுதி செய்துகொள்ள வேண்டும்.

துளையின் பொருத்தம் பற்றி அச்சம் வேண்டா. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறை வந்த நாள்முதல் பழைய துளையில் புதிய அட்டையும், புதிய துளையில் பழைய அட்டையும் இயங்கும்படியே அமைத்து வருகின்றனர். விலக்கு ஒன்று குறிக்கத்தக்கது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 மின்சாரம் குறைவாக உண்பது. ஆதலின் பழைய பொறிக்கு ஏற்றதெனத் தோன்றும். ஆனால் அது துளையின் பதினாறு வழிகளுள் நான்கினை மட்டுமே பயன்படுத்துவது. புதிய பலகையில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. கடத்தும் அந்நான்கு வழிகள், 2012ஆம் ஆண்டளவிலான பலகைகள் பலவற்றில் 2 ஜி.பி. அளவே கடத்தும். திரையையும் பாருங்கள். பழைய திரைகளில் நீலநிற வி.ஜி.ஏ. செருகி மட்டுமே இருக்கும்; 2016க்குப் பின் வந்த அட்டைகளில் அது இல்லை. இடையில் ஒரு மாற்றி வேண்டும். கேபினட்டின் உள்நீளத்தை அளவுகோலால் அளந்து செல்வதும் நன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னர்க் கேட்க வேண்டிய வினா, குறை உண்மையில் அட்டையிடம்தானா என்பது. சோதனை எளிது. விளையாட்டின் அமைப்பில் திரைப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் விரைவுபட்டால் குறை அட்டையிடம். மாறாது நின்றால் குறை செயலியிடமோ நினைவகத்திடமோ. எழுத்தர் தூங்கும்போது சுமையாளரைக் கூட்டிப் பயன் என்ன?

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு பகையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கணிப்பொறி பற்றிய நூல்கள் குளிரூட்டிய அறையை மனத்தில் வைத்து எழுதப்படுவன. நமக்கோ கிழக்கே கடல், மேற்கே மணலி, வடக்கே எண்ணூர். கடற்காற்றில் உப்புத்துகள் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். அடுக்களையில் உப்பு நீர்விடுவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் அதே செயல் அட்டையின் மேற்பரப்பிலும் நிகழ்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். அதன்மேல் சரக்குந்துகளின் புழுதியும் கரித்தூளும் படிந்தால் ஈரம் காயவே காயாது. 2011இல் நீதிமன்ற ஆணையால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றபின் இராயபுரத்து வீடுகளில் கரி படிவது குறைந்தது. எண்ணூர்ப் பக்கத்திற்கு அப்பேறு வாய்க்கவில்லை.

கந்தகம் கலந்த காற்று மற்றொரு பகை. வெள்ளிக் கொலுசு கறுப்பது கந்தகச் சேர்மத்தால். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் வெள்ளிப்பூச்சுக் கொண்ட மின்சுற்றுப் பலகைகள் பெருகின. கந்தகக் காற்று உள்ள இடங்களில் அரிப்பு ஊர்ந்து பரவி அவை பழுதாவதை உலகெங்கும் கண்டனர். நம்மவர் செய்யத்தக்கன சில. கேபினட்டைக் கடல்பார்த்த சாளரத்தின் அருகே வைத்தல் கூடாது. தரையிலும் வைத்தல் கூடாது; 2023 திசம்பர் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், திருவொற்றியூர் வீடுகளுள் வெள்ளத்துடன் எண்ணெயும் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் பல நாள் மூடி வைப்பதினும் நாள்தோறும் சற்று நேரம் இயக்கி வெப்பமூட்டுதல் நலம். தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் நீக்குக. அட்டையின் பொன்பூசிய விளிம்பை அழிப்பானால் அழுத்தித் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பொற்பூச்சு மிக மெல்லியது, தேய்ந்துவிடும். ஐ.பி.ஏ. என்னும் ஆல்ககாலைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்தலே முறை.

பழைய அட்டை வாங்குவோர்க்கும் இக்கண் வேண்டும். இணைப்புத் தகட்டிலும் திருகாணியிலும் துரு, செம்பில் பச்சை தெரிந்தால் விலகிவிடுங்கள். முன்பு நம் பகுதியினர் மின்னணுப் பொருள் தேடிப் பர்மா பஜாருக்கு நடந்தனர். இன்று விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடை தொலைவே. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், அதற்காக இரவுபகலாக உழைத்த அட்டைகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை அல்ல. விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை உலர்ந்திருக்கும், இரண்டும் மாற்றத்தக்கவை. பொய்யட்டையே கொடிது. பழைய அட்டையின் உள்மென்பொருளைத் திருத்திப் புதிய பெயர் சொல்ல வைத்து விற்பர். ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருள் அத்தகைய அட்டைகள் பலவற்றைப் ‘பொய்’ என்றே காட்டிக்கொடுக்கும். கடையிலேயே பொறியில் செருகி அதனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

பெற்றோர் கேட்கும் வினா மின்கட்டணம். இத்தகைய பொறி முழு வேகத்தில் 250 வாட் இழுப்பதாகக் கொண்டால் நான்கு மணி நேரத்திற்கு ஒரு யூனிட். இரு திங்கள் கணக்கில் 60 யூனிட். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி வீடுகளுக்கிருந்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே உண்டிருக்கும்.

மருமகன் இரயில் நிலையத்தை மீண்டும் கட்டினார். தரமான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை முதலில் வாங்கினார். செய்திட்டத்தை ஒரு பருவம் கழித்தே ஒப்படைக்க முடிந்தது. இப்போது அதன் படிகள் மூன்று இடங்களில் உள்ளன. ஒன்று நம் மேசை அறையில். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது; அவருடைய செயலியை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதே மாதத்துடன் 1060 வகை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்குமென்பொருளும் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும் என்கின்றனர். பொறியில் லினக்ஸ் நிறுவி அவர் வேலையைத் தொடர்கிறார். எரிந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நாம் கேட்டு வாங்கி வைத்துள்ளோம். அட்டை வாங்கப் போகும் மாணவர் துறைக்கு வந்தால் அதன் பக்கவாட்டு அட்டவணையைக் காட்டுவோம்.