ஒரு தொலைபேசிக் கம்பி, ஏழு சாளரங்கள்

1984இல் வந்த முதல் மக்கின்டொஷ் கணினியின் திரை 512 × 342 புள்ளிகள்தான். வீட்டிலிருந்து அதில் மோடம் வழியாகப் பல்கலைக்கழக யுனிக்ஸ் கணினியை அழைத்தால் கிடைப்பது ஒரேயொரு முனையம். மின்னஞ்சல் பார்க்க, எழுதிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தவேண்டும்.

1980களின் நடுவில் ஜோன் புரூனர் எழுதிய ‘யூடபிள்யூ’ மென்பொருள் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஏழு சாளரங்கள் வரை திறக்கலாம். ஒவ்வொன்றும் தனி முனையம். கம்பி என்னவோ ஒன்றுதான். அதில் ஓடும் எழுத்துகளுக்கு நடுவே, ‘இனி வருவது மூன்றாம் சாளரத்துக்கு’ என்பதுபோன்ற குறிகளை இரு பக்கத்து மென்பொருளும் செருகின. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான யோசனை! வேகம் மட்டும் கூடவில்லை. நொடிக்கு 2400 பிட் மோடத்தில், 80 எழுத்து அகலமும் 24 வரிகளும் கொண்ட திரை நிரம்ப 8 நொடி. எல்லாச் சாளரங்களும் அந்த வேகத்தையே பங்கிட்டன.

1990களில் புலம்பெயர் தமிழ் மாணவர்கள் இத்தகைய எழுத்து முனையங்களில்தான் ‘சொக்.கல்ச்சர்.தமிழ்’ செய்திக்குழுவை வாசித்தார்கள். தமிழை ரோமன் எழுத்தில் தட்டினார்கள். அதே ஆண்டுகளில் இலங்கைப் போர், விசுவமடு உள்ளிட்ட வன்னியின் மின்சாரத்தையும் தொலைபேசியையும் துண்டித்திருந்தது. அங்கிருந்து வெளிநாட்டு உறவுகளுக்குச் செய்தி பெரும்பாலும் கையெழுத்துக் கடிதமாகவே போனது.