'ஆறு பேரைச் சேர்த்தா போதும்!' - ஆசை காட்டும் வாட்ஸ்அப் அழைப்பும், பத்தாம் வகுப்புக் கணக்கும்!

"5,000 ரூபாய் கட்டுங்க. ஆறு பேரைச் சேர்த்துவிடுங்க. அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க. அப்புறம் வீட்டுல உட்கார்ந்தே சம்பாதிக்கலாம்!" இப்படி ஓர் அழைப்பு வந்தால், வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் வரும் பெருக்குத் தொடர்வரிசை, இதன் குட்டை உடைத்துவிடும்.

சூத்திரம் என்ன சொல்கிறது?

முதல் உறுப்பும் பொது விகிதமும் தெரிந்தால் போதும், எந்த உறுப்பையும் கண்டுபிடிக்கலாம். எத்தனையாவது உறுப்பு வேண்டுமோ, அதில் ஒன்றைக் கழித்து, அத்தனை முறை முதல் உறுப்பைப் பொது விகிதத்தால் பெருக்க வேண்டும். இங்கே முதல் உறுப்பும் 6, பொது விகிதமும் 6. நான்காவது உறுப்பு: 6 × 6³ = 1,296.

அபிராமபுரத்தில் தொடங்கினால்...

அபிராமபுரத்தில் ஒருவர் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் 6 பேர். அடுத்தடுத்து 36, 216, 1,296. இதுவரை மந்தைவெளி, மயிலாப்பூரிலேயே ஆள் கிடைத்துவிடும். எட்டாவது வரிசைக்கு 16,79,616 பேர் வேண்டும். ஒன்பதாவதுக்கு 1,00,77,696 பேர். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகர மக்கள்தொகையே சுமார் 46 லட்சம்தான்!

பத்தாவது வரிசைக்கு 6,04,66,176 பேர். தொடங்கியவரையும் சேர்த்து மொத்தம் 7,25,59,411. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. கைக்குழந்தை உட்பட மாநிலமே சேர்ந்தாலும் ஆள் போதாது.

ஆறில் ஐந்து பேர்

'நாம சீக்கிரமே சேர்ந்துட்டா தப்பிச்சுடலாம்' என்று நினைக்கிறீர்களா? சங்கிலி எந்த வரிசையில் அறுந்தாலும், மொத்தப் பேரில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கினர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. கட்டிய பணம் போனதுதான். அந்தக் கடைசி வரிசையில் நிற்பது பெரும்பாலும் நம்மை நம்பிச் சேர்ந்த சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோதான்.

சட்டமும் தடுக்கிறது

ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் குற்றம். நேரடி விற்பனை என்ற பெயரில் இப்படிச் சங்கிலி அமைப்பதை 2021-ம் ஆண்டு விதிகளும் தடுக்கின்றன.

ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அடுத்த முறை யாராவது ஆறு பேரைக் கேட்டால், "பத்தாவது வரிசைக்கு ஆள் எங்கே?" என்று கேளுங்கள்.