கையெழுத்து சரி, சாவி யாருடையது?

1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் புதுச்சேரிக்குப் பிரான்சோடு உள்ள உறவு விட்டுப்போகவில்லை. வீட்டு வாடகை, பென்ஷன், பாகப்பிரிவினை என்று பாரிசுக்கும் இந்த ஊருக்கும் இடையே குடும்பங்கள் பேசிக்கொள்வதில் பலவும் இன்று மின்னஞ்சலில் நடக்கின்றன. அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ‘பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்பு’ என்று அண்ணன் பெயரில் வந்த கடிதம் அண்ணன் எழுதியதுதானா? இதற்கு விடை சொல்லும் கருவி டிஜிட்டல் கையெழுத்து. ஆனால் அது சொல்வது பாதி விடை. மீதியை நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் முன்வைத்த பொதுச் சாவிக் கருத்தில் பிறந்தது இந்த முறை. ஒருவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். தனிச் சாவியை அவர் யாரிடமும் தருவதில்லை. பொதுச் சாவியை ஊரறியக் கொடுத்துவிடுவார். கடிதத்தை மென்பொருள் ஒரு சிறிய குறியாகச் சுருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறி மாறிவிடும். அந்தக் குறியில் தனிச் சாவியால் இடுவதே கையெழுத்து. பெறுபவரின் கணினி பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்க்கும். பொருந்தினால், இந்தச் சாவியை வைத்திருப்பவர் கையெழுத்திட்டார், கடிதம் வழியில் மாறவில்லை என்று பொருள். 1991இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி மென்பொருள் இந்த வசதியைத் தனிமனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் அந்தச் சாவி அண்ணனுடையதா என்பதைக் கணிதம் சொல்லாது. எந்தப் பெயரிலும் எவரும் புதுச் சாவி உண்டாக்கலாம். அரசு உரிமம் பெற்ற அமைப்பு சான்று கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதும்; தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்பதும் அத்தகைய சான்றிதழின் பேரில் இடும் கையெழுத்தைத்தான். ஆயினும் 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து கூகுள், யாகூ தளங்களின் பெயரில் முறைகேடான சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. கணிதம் அங்கே தவறவில்லை. சாவியை உரியவரோடு இணைத்துச் சொல்ல வேண்டிய இடம் தவறியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நொத்தேர் எனப்படும் பத்திர அலுவலர் எழுதிய பத்திரத்தை நம்பியவர்களுக்கு, அந்த முத்திரை யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. சாவிக்கும் அந்த அறிமுகம் வேண்டும்.

மின்னஞ்சல் நிறுவனங்களே சோதிக்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. அவர்களின் டிகேஐஎம் சோதனை, கடிதம் எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து கிளம்பியது என்பதையே காட்டும். அண்ணனின் கடவுச்சொல்லைத் திருடியவன் அனுப்பும் கடிதமும் அதில் தேறிவிடும். இதெல்லாம் சாமானியருக்குக் கடினம் என்பதில் முன்பு உண்மை இருந்தது. ஆனால் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் 2020 முதல் பிஜிபி முறைக் கையெழுத்து வசதி உள்ளேயே இருக்கிறது. மிச்சமிருக்கும் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு சாவிக்கும் ‘விரல்ரேகை’ எனப்படும் 40 எழுத்துக் குறி உண்டு. குரல் தெரிந்தவரோடு தொலைபேசியில் அதை ஒருமுறை படித்து ஒப்பிட்டால் போதும். உயிலுக்கு இந்தக் கையெழுத்தைச் சட்டம் ஏற்காது. ஆனால் அன்றாடப் பணப் பேச்சுக்கு இது பெரிய காவல். புதுச்சேரி வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் தங்கள் கடிதத்தாளில் தொலைபேசி எண்ணுக்கு அருகே தங்கள் சாவியின் இந்த விரல்ரேகைக் குறியையும் அச்சிட வேண்டும். குடும்பங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.