மலைக்கும் சாலைக்கும் ஒரே கருவியா?

"அக்கா, காருக்கும் ட்ரெக்கிங்குக்கும் சேர்த்து ஒரே ஜிபிஎஸ்ஸா வாங்கிடலாமா?" கோவையிலிருந்து எங்களோடு மலையேற வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. வேண்டாம் என்றுதான் சொல்வேன். காருக்கு உங்கள் செல்போனே போதும். கையிலிருக்கும் பணத்தை நடைக்குச் செலவழியுங்கள்.

காரில் கருவிக்கு வேலை சுலபம். சார்ஜ் வண்டியிலிருந்தே வரும். திரை பெரிதாகவும் குரல் தெளிவாகவும் இருந்தால் ஆயிற்று. இதற்கென்றே விற்கும் டாஷ்போர்டு கருவிகளில் பல, வண்டியிலிருந்து கழற்றிய ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். மழை தாங்காது. சாலைகளை அறிந்திருக்குமே தவிர ஒற்றையடிப் பாதையை அறியாது.

டவர் இல்லாத இடத்தில் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது அப்படியில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் நேராக நம் கைக்கு வருகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் பிடிபட்டால் நிற்கும் இடமும் உயரமும் தெரிந்துவிடும். டவர் போனால் கிடைக்காமல் போவது வரைபடம்தான். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளில் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

பிறகு தனிக் கருவி எதற்கு? பேட்டரிக்காக. குளிரில் போன் சார்ஜ் சடசடவென்று இறங்கும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு பென்சில் பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும், பொத்தான்களால் இயங்கும். மலையடிவாரப் பெட்டிக்கடையில்கூட மாற்று பேட்டரி கிடைக்கும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. சோலைக்காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் சிக்னல் பாறையில் மோதித் திரும்பிக் குழப்பும். அங்கே அதிகம் நடப்பவர்கள் இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் கார்மின் ஜிபிஎஸ்மேப் 65 போன்றதைப் பார்க்கலாம். பேட்டரி 16 மணி நேரம்தான் வரும்.

ஒரே கருவிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்குக் கார்மின் மான்டனா 700 இருக்கிறது. ஐந்து அங்குலத் திரை. காரில் அதற்கான தாங்கியில் பொருத்தினால் குரலில் வழி சொல்லும். ஆனால் எடை சுமார் 400 கிராம், விலையும் அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வாங்குகிறவர்கள் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். 700 என்பதன் பின்னால் 'ஐ' சேர்ந்திருந்தால் அது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்தில் இதற்காகப் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எந்தக் கருவியானாலும் வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே வழி திறந்திருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஊட்டியையும் மசினகுடியையும் இணைக்கும் கல்லட்டிப் பாதை குறுக்குவழியாகத் தெரியும். 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிரட்டும் சரிவும் கொண்டது அது. காட்டுப் பாதைக்கோ வனத்துறை அனுமதி வேண்டும். சாலையில் போக விடுவார்களா, காட்டுக்கு அனுமதி கிடைக்குமா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். மறுநாள் காரைப் பூட்டியதும் அந்த இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, தடப்பதிவை ஓடவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பனிமூட்டம் இறங்கினால் வந்த தடத்தைப் பிடித்தே திரும்பிவிடலாம்.