முற்றத்தில் ஓடும் நீராவி இரயில்

செகிஞ்சானில் நெல்வயல், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917ஆம் ஆண்டு கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. செம்பனை ஆலையை அருகிலிருந்து பார்த்த மாணவர்களுக்கு நீராவி புதிதல்ல. பல ஆலைகளில் பழக்குலைகளைத் தண்டவாளத்தில் ஓடும் கூண்டு வண்டிகளில் ஏற்றி, பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, சுமார் 3 பார் அழுத்தமுள்ள நீராவியில் வேகவைக்கிறார்கள்.

கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில், இரு கைகளால் தூக்கக்கூடிய ஒரு சிறு எஞ்சினும் ஓடுகிறது. மின்கலமோ மின்சாரமோ இல்லை. நெருப்பும் நீரும்தான். வீட்டு முற்றத்தில் தண்டவாளம் போட்டு இதை ஓட்டுவது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு.

மீட்டர் பாதையின் குட்டி

மலேசியாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. நம் நாட்டின் பெரும்பாலான தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் இன்றும் நீராவி எஞ்சின் ஓடும் நீலகிரி மலை இரயிலுக்கும் அதே அளவுதான். முற்றத்து இரயில்களில் பரவலாக உள்ள இடைவெளி 45 மில்லிமீட்டர். 1,000ஐ 45ஆல் வகுத்தால் சுமார் 22 வரும். மீட்டர் பாதை இரயிலை 22 மடங்கு சுருக்கினால் அது 45 மில்லிமீட்டர் பாதையில் சரியாக உட்காரும். 1968இல் ஜெர்மனியின் எல்.ஜி.பி. மாதிரி இரயில்கள் இந்தக் கணக்கில்தான் வெளிவந்தன.

உள்ளே நடப்பது என்ன?

செம்பாலான கொதிகலனில் நீர் இருக்கும். அதன் நடுவே செல்லும் குழாயில் பியூட்டேன் வாயு எரியும். நீர் ஆவியாகும்போது, திறந்த வெளியில் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். மூடிய கலனில் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. அந்த நீராவி உருளைக்குள் நுழைந்து, உந்துதண்டை முன்னும் பின்னுமாக மாறி மாறித் தள்ளுகிறது. உந்துதண்டோடு இணைந்த கம்பிகள் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறுகிறது.

உருளைக்கு எண்ணெய் போடும் முறை இன்னும் சுவையானது. ஒரு சிறு எண்ணெய்க் குப்பிக்குள் கொஞ்சம் நீராவி நுழைந்து குளிர்ந்து நீராகிறது. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. அது அடியில் தங்கி, எண்ணெயை மேலே தள்ளுகிறது. மேலே வந்த எண்ணெய் நீராவியோடு கலந்து உருளைக்குப் போய்ச் சேர்கிறது.

நீளம் சுருங்கும், இயற்கை சுருங்காது

எஞ்சினின் நீளத்தை 22 மடங்கு குறைத்தால், மேற்பரப்பு சுமார் 490 மடங்கு குறைகிறது. கொள்ளளவோ சுமார் 11,000 மடங்கு குறைகிறது. அதாவது, பெரிய எஞ்சினோடு ஒப்பிட்டால் குட்டி எஞ்சினில் உள்ள ஒவ்வொரு துளி நீருக்கும் 22 மடங்கு அதிக மேற்பரப்பு இருக்கிறது. வெப்பம் தப்பிக்கும் வழியும் அவ்வளவு அதிகம். அண்டாவில் உள்ள தேநீர் வெகுநேரம் சூடாக இருக்க, கோப்பையில் ஊற்றியது சீக்கிரம் ஆறுவதும் இதனால்தான். ஆகவே கொதிகலனைச் சுற்றி வெப்பக் காப்பு உறை போடுகிறார்கள். அப்படியும் ஒருமுறை நிரப்பினால் பெரும்பாலான சிறு எஞ்சின்கள் 20 முதல் 30 நிமிடம்தான் ஓடும்.

சின்னது என்றால் ஆபத்து இல்லையா?

இத்தகைய எஞ்சினில் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு. கார் டயரில் உள்ளதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் டயரில் இருப்பது காற்று. இங்கே இருப்பது சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இன்னும் திரவமாகவே நிற்கும் நீர். அழுத்தம்தான் அதைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கலன் உடைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். நீரில் ஏறத்தாழ 7 விழுக்காடு நொடிப்பொழுதில் ஆவியாகும். கால் லிட்டர் நீரிலிருந்தே சுமார் 30 லிட்டர் நீராவி பீறிடும்.

இதனால்தான் ஒவ்வொரு கொதிகலனிலும் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் அதன் சுருள்வில் அமுங்கி, நீராவியை வெளியே விடும். புதிய கொதிகலனைச் சோதிக்கும்போது குளிர்ந்த நீரை நிரப்பி, வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல் இரு மடங்கு கொடுப்பார்கள். குளிர்நீர் அமுங்குவது மிகக் குறைவு என்பதால் அதில் சேரும் ஆற்றலும் குறைவு. கலன் பலவீனமாக இருந்தால் நீர் கசியும், வெடிக்காது.

மாணவர்களே, நீராவி எஞ்சின் செய்து பார்க்கும் ஆசையில் பால் டின்னையோ வேறு எந்த மூடிய கலனையோ ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். அது வால்வு இல்லாத, சோதிக்கப்படாத கொதிகலன். இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே வடிவத்தில் ஒரு பெரிய குவளையும் ஒரு சிறிய குவளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உதவியோடு இரண்டிலும் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போடுங்கள். குட்டி எஞ்சின் ஏன் சீக்கிரம் ஆறுகிறது என்பதை அந்த இரண்டு கோடுகளே காட்டிவிடும்.